உதவியாளருக்கும் டிக்கெட்டா? குன்னூரிலிருந்து ஒரு நாள் வெளியே போவது பற்றி

குன்னூர் அம்மா:
என் மகனுக்கு இருபத்து நான்கு வயது, பெருமூளை வாதம். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் எங்களைப் போன்ற சில குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு முறை பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகலாம் என்று பேசியிருக்கிறோம். (பிள்ளைகள் என்று வாயில் வந்துவிட்டது, எல்லாரும் வளர்ந்தவர்கள்தான்.) ஆளுக்கு ஓர் உதவியாளர் இல்லாமல் நடக்காது. அதனால் எங்கே போனாலும் எல்லாமே ரெண்டு. ரெண்டு டிக்கெட், ரெண்டு சாப்பாடு, வேனில் ரெண்டு இடம். அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய், டயப்பருக்கும் மருந்துக்குமே பற்றுவதில்லை.

நான் நினைப்பது இது. உதவியாளர்களுக்கு ஆகும் செலவை எல்லாக் குடும்பமும் சமமாகப் பிரித்துக்கொள்வோம். அதோடு, பூங்கா, படகுத்துறை, அருங்காட்சியகம் எதுவானாலும் உடன் வரும் ஒருவருக்குக் கட்டணம் இல்லை என்று கவுண்டரில் எழுதியே வைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுப்போம். கையெழுத்துப் போட யார் யார் வருகிறீர்கள்?

சில்வர் ஓக்:
நான் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்கு டவுன் சிண்ட்ரோம். அவளை நான்தான் எங்கும் கூட்டிப் போகிறேன். என் டிக்கெட்டை நானே வாங்குகிறேன், அவள் டிக்கெட்டை அவள் தன் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள். கவுண்டரில் மற்றவர்களோடு வரிசையில் நின்று காசை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எதற்கெடுத்தாலும் இலவசம் என்று போய் நின்றால் பின்னால் நிற்பவன் நம்மை எப்படிப் பார்ப்பான்?

அப்புறம், உதவியாளர் சம்பளம் வாங்குகிறார். அவரை வைத்திருக்கும் குடும்பம்தான் அவர் செலவைப் பார்க்க வேண்டும். ஆள் வைக்க வசதியில்லாமல் தானே பார்த்துக்கொள்ளும் அம்மா, வசதியுள்ள வீட்டு உதவியாளரின் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பங்கு கொடுப்பது என்ன நியாயம்?

பகல் ஷிப்ட்:
நான் அந்த உதவியாளர். வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு வீடுகளில் வேலை. சம்பளம் வாங்குகிறேன், உண்மைதான் சார். வெளியே போகும் நாளில் அது இரட்டை வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் கட்டில் இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது, கதவு இருக்கிறது. வெளியே ஒன்றும் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் அவர் தலையை என் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். யூரின் பையை நேரம் பார்த்துக் காலி செய்ய வேண்டும். டயப்பர் மாற்ற எந்தப் பொதுக் கழிப்பறையிலும் வளர்ந்த ஆளைப் படுக்க வைக்கிற மாதிரி ஒரு மேடை நான் பார்த்ததில்லை. வேனின் பின் சீட்டில், ஜன்னலுக்குப் பெட்ஷீட் கட்டி, குனிந்தபடியே மாற்றுவேன். குளிரில் அவர் கை கால் இறுகிவிடும், இழுத்து நீட்டினால் வலிக்கும். அதற்கே அரை மணி போய்விடும்.

எல்லாம் முடிந்து டீக்கடைக்கு வந்தால், குடும்பத்துக்கு டீ சொல்வார்கள். என்னுடையதை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் "உனக்கும் ஊட்டி பார்த்த மாதிரி ஆச்சு" என்றார்கள். நான் பிறந்ததே ஊட்டிக்குப் பக்கத்து லவ்டேலில்.

சில்வர் ஓக்:
டீ வாங்கித் தராதது அந்த வீட்டாரின் கஞ்சத்தனம். அதற்கு மனு போட முடியாது.

மெல்பர்ன் அருவங்காட்டான்:
நான் அருவங்காட்டில் வளர்ந்தவன், இப்போது மெல்பர்னில் இதே உதவியாளர் வேலையில் இருக்கிறேன். இங்கே விக்டோரியா மாநிலத்தில் 2003-ல் 'கம்பானியன் கார்டு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படுபவருக்கு அவர் பெயரிலேயே அட்டை. அவர் தன் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குவார், திட்டத்தில் சேர்ந்த இடங்களில் துணைக்கு வருபவருக்கு இரண்டாவது டிக்கெட் இலவசம். பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

சில்வர் ஓக் சார், உங்கள் தங்கை பர்ஸைத் திறந்து காசு கொடுப்பதை இது தடுக்கவில்லை. அவர் கொடுக்கட்டும். ஒருவர் உள்ளே போய் உட்கார ரெண்டு பேர் கட்டணம் கேட்காதே என்பதுதான் விஷயம்.

சில்வர் ஓக்:
தம்பி, உங்கள் ஊரில் உதவியாளரின் மணிக்கூலியையே அரசுத் திட்டம் ஏற்கிறது. அந்தப் பெரிய தொகையை விட்டுவிட்டு, டிக்கெட் என்கிற சில்லறையை மட்டும் இங்கே இறக்குமதி செய்யச் சொல்கிறீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, அதிக உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி, அதாவது பராமரிப்பாளருக்கான உதவித்தொகை பற்றிப் பேசுகிறது. மனு போடுவதாக இருந்தால் அதற்குப் போடுங்கள், நானும் வருகிறேன். பூங்கா வாசலில் டிக்கெட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, "செய்துவிட்டோமே" என்று கையைக் கழுவ அதிகாரிகளுக்கு வழி காட்டாதீர்கள்.

ஹெத்தை பேரன்:
கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படகர் கிராமம்) எழுதுகிறேன். முதுகுத்தண்டு அடிபட்டு வீல்சேரில் இருக்கிறேன். இவ்வளவு பேசினீர்களே, எங்கே போக ஆசை என்று ஒருத்தராவது கேட்டீர்களா? வெளியே என்றாலே பூங்காதான் என்று எப்படி முடிவானது?

ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் 1848-ல் மலைச்சரிவில் அடுக்கடுக்காக வெட்டியது. கீழே இருக்கிற புல்வெளி வரைக்கும்தான் எனக்கு, மேலே இருப்பதெல்லாம் மற்றவர்கள் போனில் எடுத்துவந்து காட்டும் படம். ரோஜாப் பூங்காவும் அடுக்குதான். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் வந்தது, வாசல் மேலே, தோட்டம் பள்ளத்தில். இறங்கும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்குவோம், ஏறும்போது தள்ளுகிறவர் பேச்சே வராது. ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் வீல்சேருக்குச் சரிவுப்பாதை என்று பெயர். இந்த மலையில் அதை எங்கே தேடுவது? அந்தக் காலத்துத் துரைகளுக்குக் கால் வலித்தால் தூக்கிப் போக ஆள் இருந்தது, அதனால் அவர்கள் யோசிக்கவில்லை.

எனக்குச் சந்தைக்குப் போக வேண்டும். கேரட்டை நானே பொறுக்கி எடுக்க வேண்டும். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்து அம்பயரைத் திட்ட வேண்டும். இதற்கெல்லாம் டிக்கெட்டே கிடையாது.

சில்வர் ஓக் சாருக்கு ஒன்று. துணைக்கு வருபவருக்குச் சலுகை என்பது மெல்பர்னிலிருந்து வர வேண்டியதில்லை. துணையில்லாமல் போக முடியாதவருக்கு ரயிலில் 75 சதவீதச் சலுகை என்றால், ஸ்லீப்பரில் உடன் போகிறவருக்கும் அதே சலுகை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021-லேயே கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அதே பஸ்ஸில் பெண்களும் இலவசமாகப் போகிறார்கள். அவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று சொல்லிப் பாருங்கள், பஸ்ஸிலேயே பதில் கிடைக்கும்.

சில்வர் ஓக்:
பிச்சை என்ற சொல்லை நான் எழுதவில்லை.

ஹெத்தை பேரன்:
எழுதவில்லை. பின்னால் நிற்பவன் நினைப்பான் என்று எழுதினீர்கள். அவன் நினைப்புக்காக நான் வீட்டில் உட்கார முடியாது. அந்த இலவச பஸ்ஸின் முதல் படி என் முட்டி உயரம் என்பது தனிக் கதை. சென்னையில் 2024-ல் தாழ்தளப் பேருந்தை மறுபடி விட்டார்கள். மெரினாவில் 2022 நவம்பரில் கடல் பக்கம் போக மரப்பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைக் கொஞ்சம் பிய்த்துப் போட்டது. இருந்தாலும் போட்டார்கள். உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. மனுவில் சரிவுப்பாதை, கழிப்பறை, அப்புறம் டிக்கெட் என்ற வரிசையில் எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

மேக்சிகேப் 43:
வண்டி ஓட்டுகிறவன் கணக்கு இது. டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிறீர்கள், உங்கள் காசைச் சாப்பிடுவது வேன் வாடகையும் வெயிட்டிங்கும்தான். ஒரே நாளில் தொட்டபெட்டா, ஏரி, பூங்கா என்று நாலு இடம் சுற்றினால் பிள்ளைகளும் வாடிவிடுவார்கள், பில்லும் ஏறும். ஒரே இடம் போங்கள். சீசன் வேண்டாம். மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் போகிற வழி குன்னூர், இறங்குகிற வழி கோத்தகிரி என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள், நடுவில் மாட்டினால் கழிப்பறைக்கு நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. சனி ஞாயிறும் வேண்டாம், செவ்வாய் புதன் நல்லது. நம் நீலகிரிப் பதிவு 43 வண்டிக்கு, மலைக்கு வர எடுக்கும் இ-பாஸ் தொல்லை இல்லை. கோயம்புத்தூர்ச் சொந்தக்காரர்கள் தங்கள் காரில் வருவதாக இருந்தால் முன்னாடியே எடுத்துவிடச் சொல்லுங்கள். 2025 கோடைக்கு வார நாளில் 6000 வண்டி, வார இறுதியில் 8000 என்று கட்டுப்பாடு வைத்தார்கள், கடைசி நேரத்தில் மலையடிவாரக் கல்லாறு சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு போன் அடித்தால் நான் என்ன செய்ய முடியும்?

ஏரிச்சாலை:
கொடைக்கானலிலிருந்து. எங்கள் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சாலை, பெரிய ஏற்ற இறக்கமே கிடையாது. வீல்சேர் தள்ள மலையில் இதை விட நல்ல இடம் உண்டா?

பகல் ஷிப்ட்:
அந்தச் சாலையில் தள்ளியிருக்கிறேன் அண்ணா. சாலை நல்ல சாலைதான். எதிரே குதிரையும் வாடகை சைக்கிளும் மாறி மாறி வரும். விடியற்காலையில் போனால் சரி.

மேக்சிகேப் 43:
குன்னூரிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு நாள் ட்ரிப்பா? மலை இறங்கி, சமவெளி கடந்து, இன்னொரு மலை ஏற வேண்டும். என்னை விட்டுவிடுங்கள்.

குன்னூர் அம்மா:
எல்லாவற்றையும் படித்தேன். பங்கு விஷயத்தில் சில்வர் ஓக் சார் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். உதவியாளர் கூலி அந்தந்தக் குடும்பம். சாப்பாடு, டீ, நுழைவுச் சீட்டு மட்டும் பொதுவில். தானே பார்த்துக்கொள்ளும் அம்மாவும் அன்றைக்கு உதவியாளர்தான், அவருடைய சாப்பாடும் பொதுவில். மனுவை ஹெத்தை பேரன் தம்பி சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். பராமரிப்பாளர் படிக்குத் தனி மனு, அதைச் சாரே எழுதித் தரட்டும்.

எங்கே போகலாம் என்று மகனிடம் கேட்டேன். குன்னூர் ஸ்டேஷனைக் காட்டினான். ரயிலில் ஏற வேண்டாம், அந்தப் பெட்டிக்குள் வீல்சேர் எங்கே நுழைவது. மேட்டுப்பாளையத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்த நீராவி எஞ்சினைக் கழற்றி, ஊட்டி போக டீசல் எஞ்சின் மாட்டுவார்களே, அதைப் பார்க்க வேண்டுமாம். பத்தரை வாக்கில் வண்டி வந்துவிடும்.

ஹெத்தை பேரன்:
அக்கா, உங்கள் மகன் எங்கள் எல்லாரையும் விடத் தெளிவு. நானும் வருகிறேன். பிறகு மார்க்கெட்.

சில்வர் ஓக்:
படிக்கான மனுவை எழுதித் தருகிறேன். டிக்கெட் மனுவில் என் கையெழுத்து கிடையாது, அதில் மாற்றமில்லை. பிளாட்பார டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். தங்கை எல்லாருக்கும் தானே வாங்குவாளாம், உதவியாளர்களுக்கும் சேர்த்து.

பகல் ஷிப்ட்:
செவ்வாய்க்கிழமை என்றால் வருகிறேன், ஞாயிறு என் பிள்ளைகளுக்கு. முந்தின நாள் நான் போய், பிளாட்பாரத்துக்குப் படியில்லாமல் எந்தப் பக்கம் போகலாம், கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று பார்த்து வந்து சொல்கிறேன். அந்த அரை நாள் கூலியையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் அக்கா.