நடைபாதைக் கடைக்குக் கடன் வாங்க என்ன கணக்கு காட்டுவது?

வணக்கம் நண்பர்களே. எனக்கு வயது 23. எட்டு மாதமாக நடைபாதையில் போன் கவர், சார்ஜர் ஒயர், இயர்போன் விற்கிறேன். வியாபாரம் மோசமில்லை, ஆனால் கையில் காசு நிற்கமாட்டேன் என்கிறது.

காலையில் வட்டிக்காரரிடம் கடன் வாங்கித்தான் சரக்கெடுக்கிறேன். பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் தருகிறார், சாயங்காலமே முழுசாகத் திருப்ப வேண்டும். மழை வந்தால் நானும் சரக்கும் தார்ப்பாய்க்குள் முடங்கிவிடுவோம், வட்டி மட்டும் நனையாமல் ஓடும். வங்கியில் கேட்டால் கடை முகவரிக்குச் சான்று, ஆறு மாத வரவு செலவு என்கிறார்கள். என் கடைக்கு முகவரி ஒரு விளக்குக் கம்பம்!

போன மாதம் திடீரென்று நடைபாதைக் கடைகளை அகற்றும் வண்டி வந்து சரக்கை அள்ளிப் போனது. ரசீதும் இல்லை. திரும்பி வந்தது பாதி, அதிலும் ஒயர்கள் எல்லாம் ஒரே சிக்கலாக. பொது இடத்தை முறைப்படுத்திப் பயன்படுத்த விடுவது பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2015-இல் கொண்டுவந்த 204-ஆம் பரிந்துரையில் இருக்கிறதாம். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் வரும் பணத்தின் பதிவை மட்டும் காட்டிக் கடன் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ரொக்க விற்பனையை நோட்டில் எழுதினால் ஒத்துக்கொள்வார்களா? அப்புறம், சரக்குக் காசும் சாப்பாட்டுக் காசும் ஒரே பையில் கிடக்கிறது, எப்படிப் பிரிக்கிறீர்கள்? பழைய மாடல் கவர்கள் ஒரு மூட்டை தேங்கிவிட்டன, அசலுக்கே தள்ளிவிடலாமா?

‘வேறு வேலை பார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன். பதில்களை ராத்திரி கடை கட்டியதும் படிக்கிறேன்.