நோட்டில் கிழிக்கப்பட்ட ஒரு கோடு

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் தீராத நோய் தீர்ந்ததையும், தடைபட்டிருந்த விசா கிடைத்ததையும், விலைபோகாமல் கிடந்த மனை விற்றதையும் எடுத்துச் சொல்வார்கள். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், தகுதியில்லாத ஒருவனுக்குத் தேவன் இரங்குவது எப்படியிருக்கும் என்பதை நான் கண்டது ஆலயத்தில் அல்ல, ஆலந்தூரில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் வாசலில், மணல் குவியலுக்குப் பக்கத்தில்தான்.

என் தகப்பனார் சிறிய அளவில் கட்டட ஒப்பந்த வேலை செய்தவர். அவரிடம் இருந்த கொத்தனார் ஒருவர் பூச்சு வேலையில் கைதேர்ந்தவர்; குடியிலும் குறைவைத்தவர் அல்லர். மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லிப் பெருந்தொகையை அட்வான்ஸாக வாங்கியவர், பூச்சு பாதியில் நிற்கும்போது ஊரைவிட்டே போய்விட்டார். கல்யாணமே நிச்சயமாகியிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவரால் வீட்டுக்காரரிடம் அப்பா கேட்ட பேச்சு கொஞ்சமல்ல.

ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்ட நிலையில், சனிக்கிழமை மாலை வாரக்கூலி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். கையில் கரணைகூட இல்லை, அதையும் விற்றிருந்தார். "வாரா வாரம் பாதிக் கூலியைப் பிடிச்சிக்குங்க ஐயா" என்றார். அப்பா நீள நோட்டைத் திறந்து, அவர் பெயருக்கு நேராக இருந்த தொகையின்மேல் ஸ்கேலை வைத்து, நிதானமாக ஒரு கோடு கிழித்தார். "பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லப்பா, திங்கட்கிழமை வந்துரு" என்றார்.

அங்கே கூலிக்காக நின்ற மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாளும் வேலைக்குத் தவறாத சித்தாள் அம்மா ஒருவர், "ஒழுங்கா வந்த நாங்க என்னத்தைக் கண்டோம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். "உன் கூலியில ஏதாவது குறைச்சேனாம்மா?" என்று அப்பா கேட்டதற்கு இல்லையென்றுதான் சொன்னார், என்றாலும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், திராட்சத் தோட்டத்துக்கு அதிகாலையிலேயே வந்தவர்கள் கேட்டதும் இதையேதான். நம் கணக்கில் மாலை ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் மட்டும் வேலைசெய்தவர்களுக்கும் முழு நாள் கூலி கிடைத்தபோது, "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த" தங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே என்று அவர்கள் முறுமுறுத்தார்கள். மின்விசிறிக்குக் கீழே நின்று பிரசங்கிப்பவர்கள் இதைப் பொறாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள்; சென்னையின் மே மாத வெயிலில் செங்கல் சுமந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு அந்த முறுமுறுப்பு நியாயமாகவே படுகிறது. எஜமான் அதைத் தவிர்த்திருக்கலாம். முந்தினவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர்கள் ஒன்றும் அறியாமல் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவரோ பிந்தினவர்கள் தொடங்கி முந்தினவர்கள் வரை கொடுக்கச் சொல்லி, தம்முடைய தயாளத்தை அவர்கள் கண்ணெதிரிலேயே செய்துகாட்டினார். தகுதி பார்க்காத இந்தக் கிருபை மற்றவர்களுக்கு இடறலாக இருக்கும் என்பதை இயேசு மறைக்கவே இல்லை.

அந்த வீட்டின் மொட்டைமாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். கி.பி. 72இல் இயேசுவின் சீடரான தோமா அங்கே இரத்தசாட்சியாக மரித்தார் என்பது மரபு. இந்த நகரம் தன்னுடைய அப்போஸ்தலராகக் கொண்டாடுகிற அவரும், ஆணிகளினால் உண்டான காயத்தில் விரலை இட்டாலொழிய இயேசு உயிர்த்தெழுந்ததை விசுவாசிக்கமாட்டேன் என்று நிபந்தனை போட்டவர்தான். எட்டு நாளைக்குப் பின்பு கதவுகள் பூட்டியிருக்கையில் வந்த ஆண்டவர், அவர் கேட்டதையே அவர்முன் நீட்டினார்.

கொத்தனார் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். சில மாதங்கள் ஒழுங்காக வந்தார். பிறகு பழையபடி திங்கட்கிழமைகளில் காணாமல் போகத் தொடங்கினார். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்று ரோமர் நிருபத்தில் பவுல் கேட்டு, "கூடாதே" என்று தாமே பதில் சொல்கிறாரே, அதை எடுத்துக்காட்டி அப்பாவிடம் வாதம் செய்தேன். அது கொத்தனார் படிக்கவேண்டிய வசனம், நான் படிக்கவேண்டியது அதற்கு முந்தின அதிகாரத்தில் இருக்கிறது என்றார் அப்பா. நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. "திருந்துவான்னு நெனச்சு கோடு கிழிச்சிருந்தா, அதுவும் கடன்தானேப்பா" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அப்பாவுக்குப் பிறகு வேலைகளை நான் பார்த்துவருகிறேன். அந்தச் சித்தாள் அம்மா இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார். கொத்தனார் வராத திங்கட்கிழமைகளில், பெரியவர் அன்றைக்குச் செய்தது தப்பு என்று என்னிடம் நேருக்கு நேராகச் சொல்ல அவர் தயங்குவதே இல்லை.