'ஃப்ரேசல் வெர்ப்' என்பதற்குச் 'சேர்வினை'

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்' போன்ற சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தருவது 'ஃப்ரேசல் வெர்ப்' (phrasal verb). அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் உரையாடலில் இதுவரை நான்கு சொற்கள் முன்வந்திருக்கின்றன: சொற்றொடர் வினை, தொடர்வினை, கூட்டுவினை, இடைச்சொல் வினை. நான்கையும் எடுத்துக்காட்டுகளோடு வைத்துப் பார்த்த பிறகு, ஐந்தாவதாக 'சேர்வினை' என்று ஒன்றை முன்வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தாக வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அந்தப் பெயர் 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலில் வந்தது. அதை அவருக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. ஆனால் இந்த வினைகளின் போக்கை சாமுவேல் ஜான்சன் 1755இலேயே தம் அகராதியின் முன்னுரையில் எழுதிவிட்டார். வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல் வந்து அதன் பொருளை மாற்றிவிடுகிறது, பிறமொழியாளருக்கு இதுவே பெருந்தொல்லை என்று சொல்லி, 'கம் ஆஃப்', 'ஃபால் ஆன்', 'பிரேக் ஆஃப்' போன்றவற்றைக் காட்டுகிறார். பெயர் வைக்காமலே இயல்பைச் சொல்லிவிட்டார். நம் சொல்லும் அந்த இயல்பிலிருந்து பிறக்கட்டும்.

'சொற்றொடர் வினை' பெயரைப் பெயர்த்த சொல். சொற்றொடர் என்றதும் நமக்கு வாக்கியம்தான் நினைவுக்கு வரும். 'தொடர்வினை' என்றால் தொடர்ந்து நடக்கும் வினை என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். இரண்டையும் விட்டுவிடலாம்.

'கூட்டுவினை'தான் வலுவான போட்டி. அதற்கு ஆதரவாகப் பலர் எழுதியதும் நியாயமே: கைவிடு, மேற்கொள், உள்வாங்கு, கண்டுபிடி என்று நம்மிடமும் இப்படிப்பட்ட வினைகள் நிறைய இருக்கின்றன. 'கிவ் அப்' என்பதற்குக் 'கைவிடு' எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! இருந்தாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'அதைக் கண்டுபிடித்தான்' என்பதில் 'அதை' என்ற சொல்லை நடுவில் நகர்த்தினால், 'கண்டு அதைப் பிடித்தான்' என்று ஆகிறது. முதலில் பார்த்தான், அப்புறம் பிடித்தான், கண்டுபிடிப்பு போய்விட்டது. தமிழ்க் கூட்டுவினைக்குள் பெயர் நுழைந்தால் கூட்டு உடைந்துவிடும்.

ஆங்கிலத்தில் நிலைமை நேர்மாறு. கீழே கிடப்பதை எடுப்பதைக் குறிக்கும் 'பிக் அப்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'பிக் அப் த புக்' என்றும் சொல்லலாம், 'பிக் த புக் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் புத்தகம் 'இட்' ஆகிவிட்டால் 'பிக் இட் அப்' ஒன்றே வழி. 'பிக் அப் இட்' என்று சொல்வதில்லை. சுட்டுப்பெயர் நடுவில் வந்தே ஆக வேண்டும், வந்தும் பொருள் சிதைவதில்லை. இந்த ஒரு வேறுபாடு போதும், கூட்டுவினை என்ற பெயரை நம் கண்டுபிடி, கைவிடு போன்றவற்றுக்கே விட்டுவைக்க. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒப்பிட்டுப் பாடம் நடத்தும் ஆசிரியர் திண்டாடிப் போவார்.

இதன் நுட்பம் முழுதாகத் தெரிய இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'ஹி ரேன் அப் எ ஹில்', அதாவது குன்றின் மேல் ஓடினான். 'ஹி ரேன் அப் எ பில்', அதாவது கடன்பாக்கியை ஏற்றிக்கொண்டான். வேறுபாடு ஓர் எழுத்துதான். இரண்டிலும் கடைசிச் சொல்லை 'இட்' ஆக்கிப் பாருங்கள். குன்று 'ரேன் அப் இட்' ஆகும். பாக்கி 'ரேன் இட் அப்' ஆகும். முதலாவதில் 'அப்' குன்றோடு போகிறது, இரண்டாவதில் வினையோடு சேர்கிறது.

வினையடையைக் கொண்டும் இதைச் சோதிக்கலாம். 'ஹி ரேன் க்விக்லி அப் த ஹில்' சரியான ஆங்கிலம். 'ரேன் க்விக்லி அப் எ பில்' என்றால் ஆங்கிலம் பேசுபவர் முகம் சுளிப்பார். செயப்படுபொருளுக்கு நடுவில் இடம் உண்டு, அந்த வினையடைக்கு இல்லை. சேர்ந்திருக்கும் வினை யாருக்கு வழிவிடும், யாருக்கு விடாது என்பதில் இவ்வளவு கறாரான ஒழுங்கு இருப்பதுதான் இந்தத் தலைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சுட்டுப்பெயர் ஏன் நடுவில் போகிறது? 'இட்' ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் குறிக்கும், அழுத்தம் இல்லாத சொல். வாக்கியத்தின் இறுதியை ஆங்கிலம் கனமானவற்றுக்கு ஒதுக்குகிறது. 'பிக் இட் அப்' என்பதில் அழுத்தம் விழுவது 'அப்' மீது. செயப்படுபொருள் நீண்டுபோனால், அதே காரணத்தால் அது கடைசிக்குத் தள்ளப்பட்டு, 'அப்' வினையை ஒட்டி நின்றுவிடும்.

'இடைச்சொல் வினை' எனக்கும் முதலில் இனித்தது. இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்கும், 'தமக்கு இயல்பு இலவே', அதாவது தனித்து இயங்கும் இயல்பு அதற்கு இல்லை என்கிறது தொல்காப்பியம். 'கிவ் அப்' என்பதில் மேலே என்ற பொருளை இழந்து நிற்கும் 'அப்' பற்றியே சொன்னதுபோல் இருக்கிறது. ஆனால் அதே தொல்காப்பியம் காலம் காட்டும் உருபுகளையும் வேற்றுமை உருபுகளையும் இடைச்சொல்லில்தான் சேர்க்கிறது. அந்தக் கணக்கில் 'படித்தான்' கூட இடைச்சொல் வினை! போதாததற்கு, நடுவில் வருவது 'இட்', ஆனால் இடை என்ற பெயர் 'அப்'க்குப் போகிறது. படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

'சேர்வினை' வினைத்தொகை. சேர்ந்த, சேர்கின்ற, சேரும் என்று முக்காலத்துக்கும் விரியும். இறுகப் பிணைந்தது என்ற உறுதியை அது தரவில்லை. சேர்ந்தது விலகி நின்றாலும் முரண் இல்லை. கூட வரும் சிறுசொல்லுக்குச் 'சேர்சொல்' என்று பெயர் வைத்தால் ஒரு சோடி கிடைத்துவிடும். 'பிக்' வினை, 'அப்' சேர்சொல், 'பிக் அப்' சேர்வினை. 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்) போல இரண்டு சிறுசொற்கள் வந்தால் இருசேர்சொல் வினை.

நடுவில் செயப்படுபொருளுக்கு இடம் தருவது, தராதது என்ற உட்பிரிவுக்குப் 'பிரிநிலை' என்ற பெயர் வேண்டாம். ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் 'ஏ'யைப் பிரிநிலை ஏகாரம் என்பதால், அது ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றியிருக்கிறது. பிரியும் சேர்வினை, பிரியாச் சேர்வினை என்றே வைக்கலாம். 'பிக் அப்' பிரியும். 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்) பிரியாது, ஏனெனில் 'லுக் ஆஃப்டர் இட்' என்றுதான் சொல்ல முடியும். 'லுக் ஆஃப்டர்' போன்றவற்றை இந்த வகையிலேயே சேர்க்காத இலக்கண நூல்களும் உண்டு. பள்ளிப் பாடத்துக்குச் சேர்த்துக்கொள்வதே வசதி என்பது என் கருத்து.

ஓர் எதிர்ப்பு வரும் என்று தெரியும்: வேதியியலில் 'சேர்க்கை வினை' இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். 'வினை' என்ற சொல்லே இரு துறைகளிலும் காலங்காலமாகக் குழப்பமின்றி நடமாடுகிறது. மேலும் சேர்க்கை வேறு, சேர் வேறு.

மறுப்பு உள்ளவர்கள் அருள்கூர்ந்து ரேன் இட் அப், ரேன் அப் இட் இரண்டையும் தங்கள் சொல்லால் விளக்கிக் காட்டுங்கள்.