மறுமொழி: பாஸ்டீஷ் என்பதற்குத் தமிழில் ‘பாணிவார்ப்பு’ சரிவருமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம். ‘பாஸ்டீஷ்’ (pastiche) என்றால் ஒரு காலத்தின் அல்லது ஒருவரின் பாணியைத் தெரிந்தே எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றைப் படைப்பது. அதற்கு நான் முன்வைத்த ‘பாணிவார்ப்பு’ பற்றி இழையில் வந்த கேள்விகளுக்கும் மாற்றுச் சொற்களுக்கும் இது என் பதில்.

> பகடி என்று நல்ல சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

நியாயமான கேள்வி. இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன், பதில் அதிலேயே இருக்கிறது.

லாத்விய இசையமைப்பாளரும் எழுத்தாளருமான மார்கெரிஸ் ஜரின்ஷ் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். (அவர் பெயரின் இறுதியில் வரும் மூக்கொலி உண்மையில் நம் ஞகரம்தான். ‘ஜரிஞ்ஷ்’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார் என்று ‘ன்’ போட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழையில் பேசலாம்.) வாழ்க்கைக் குறிப்பு எழுதுவதில் சிக்கல் இல்லை. 1910இல் யவுன்பியெபல்காவில் பிறந்தார். ரீகா இசைக் கல்லூரியில் யாசெப்ஸ் வீட்டொல்ஸிடம் இசையமைப்பு படித்தார். 1940களில் ரீகாவின் டைலெஸ் நாடக அரங்கில் இசைப் பொறுப்பில் இருந்தார். 1956 முதல் 1968 வரை லாத்விய இசையமைப்பாளர் சங்கத்தின் தலைவர். 1993இல் மறைந்தார். இவ்வளவும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

அவர் என்ன செய்தார் என்று சொல்ல வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

1963இல் அவர் எழுதிய ஒரு படைப்பின் பெயரே ‘பரோக் பாணியில் பார்ட்டிட்டா’. (பரோக் என்பது 17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியக் கலைப் பாணி, பார்ட்டிட்டா அந்தக் காலத்து இசை வடிவங்களில் ஒன்று.) 20ஆம் நூற்றாண்டுக்காரர், சோவியத் ஆட்சிக்குள் உட்கார்ந்துகொண்டு, 18ஆம் நூற்றாண்டின் நடையில் இசை எழுதுகிறார். பழைய இசையைத் திருடவில்லை, ஒரு வரியைக்கூடக் கேலி செய்யவில்லை. அந்தக் காலத்து நடையை ஆசையோடு கையில் எடுத்து, அதற்குள் தன் இசையை வைக்கிறார். பகடியில் மூலத்தைச் சீண்டும் நோக்கம் இருக்கும். இங்கே இருப்பது பிரியம். இதைப் ‘பகடி’ என்று மொழிபெயர்த்தால் அவரைப் பற்றித் தவறான செய்தி சொன்னதாகிவிடும். என் பிடிவாதத்துக்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் அவருடைய நாவல். இசையில் பெயர் வாங்கிய பிறகு, அறுபது வயதைத் தாண்டி, 1973இல் ஒரு நாவல் வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் இப்படி வைத்துப் பார்த்தேன்: ‘போலி ஃபவுஸ்ட் அல்லது திருத்திப் பெருக்கிய சமையல் புத்தகம்’. (ஃபவுஸ்ட் என்பவர் சாத்தானிடம் தன் ஆன்மாவை விற்ற பழைய ஜெர்மானியக் கதையின் நாயகர்.) நம்முடைய 19ஆம் நூற்றாண்டு நாவல்களிலும் நடுவில் ‘அல்லது’ போட்டு இரட்டைத் தலைப்பு வைப்பார்கள் அல்லவா, அதே வழக்கம். அட்டையைப் பார்த்ததுமே பழைய புத்தகம் ஒன்றின் வாசனை வருகிறது. கதையில் டிராம்பெடாக்ஸ் என்று ஒரு மருந்துக் கடைக்காரர். சமையல் புத்தகம் அவருடையது. அவரிடம் வந்து சேரும் இளம் இசைக்கலைஞனின் பெயர் கிறிஸ்டோபர்ஸ் மார்லோவ்ஸ். ஃபவுஸ்ட் கதையை ஆங்கில நாடகமாக எழுதிய கிறிஸ்டோபர் மார்லோவின் பெயர்தான் லாத்வியச் சட்டை போட்டு வந்து நிற்கிறது. மார்கரீத்தா என்ற பெண்ணும் உண்டு. ஜெர்மானிய வாடை அடிக்கும் பழைய லாத்விய நடையையும் ஜரின்ஷ் இந்த நாவலில் எடுத்தாள்கிறார்.

ஆக, பார்ட்டிட்டாவில் செய்த அதே வேலையைத்தான் பத்து ஆண்டு கழித்து உரைநடையில் செய்திருக்கிறார். நாடக அரங்கில் இன்று ஒரு காலத்துக்கும் நாளை இன்னொரு காலத்துக்கும் இசை போட்டுப் பழகிய கை அது என்று நான் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால்தான் இந்த மனிதரின் வாழ்க்கை ஒரே கோட்டில் தெரியும். இசைக்கு ஒன்று, இலக்கியத்துக்கு ஒன்று என்று இரண்டு சொல் வைத்தால் கட்டுரை இரண்டு துண்டாக உடைந்துபோகும்.

சரி, இழையில் வந்த சொற்களைப் பார்ப்போம்.

‘போலி’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. முதற்போலி, கடைப்போலி என்று இலக்கணத்தில் படித்தபோது அதில் எந்த இழிவும் இல்லை. ‘போல’ என்பதிலிருந்து வந்த அழகான சொல். ஆனால் இன்று போலி என்றதும் போலிச் சான்றிதழும் போலி மருத்துவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். நாவலின் தலைப்பில் அந்தக் கள்ளத்தனம் வேண்டும், அங்கே அது இருக்கட்டும். கலைச்சொல்லாக வேண்டாம்.

‘கதம்பம்’ சொன்ன நண்பர் சொல்லின் வேரைச் சரியாகப் பிடித்திருக்கிறார். பாஸ்டீஷ் என்பது இத்தாலிய ‘பாஸ்டிச்சோ’விலிருந்து வந்தது. பலதையும் உள்ளே அடைத்துச் சுடும் ஒரு பண்டத்தின் பெயர் அது. (சமையல் புத்தகத்தைத் தலைப்பிலேயே வைத்த நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் கிடைக்குமா!) ஆனால் பாஸ்டிச்சோ இசையில் வேறொன்றைக் குறிக்கும். ஏற்கெனவே உள்ள பாட்டுகளை எடுத்துக் கோத்து ஒரு புது ஓபரா (இசை நாடகம்) ஆக்குவது. பரோக் காலத்து இசையமைப்பாளர் ஹாண்டெல் லண்டனில் 1734இல் தன் பழைய பாட்டுகளை வைத்தே ‘ஒரெஸ்தே’யைக் கட்டினார். பூக்கள் பழையவை, மாலை மட்டும் புதிது. அதற்குக் ‘கதம்பம்’ அப்படியே பொருந்துகிறது, அதைப் பாஸ்டிச்சோவுக்கே ஒதுக்கிவிடலாம். ஜரின்ஷ் செய்வது நேர்மாறானது. அவர் பறித்து வந்த பூ எதுவும் இல்லை.

அதனால்தான் ‘பாணிவார்ப்பு’. பாணி என்ற சொல்லை நாம் பாட்டுக்கும் சொல்கிறோம், எழுத்துக்கும் சொல்கிறோம். ‘அவர் பாணியே தனி’ என்றால் பாடகரைச் சொல்கிறோமா எழுத்தாளரைச் சொல்கிறோமா என்று இடம்தான் காட்டும். எனக்கு வேண்டியதும் அந்தப் பொதுமைதான். ‘நடை’ எழுத்துப் பக்கமே சாய்கிறது. வார்ப்பு என்பதில் அச்சு பழையது, ஊற்றும் உலோகம் புதியது.

> அச்சில் வார்த்தாற்போல என்றால் அப்படியே நகல் என்றுதானே பொருள்?

வழக்கில் அப்படித்தான். ஆனால் ‘பாணி’ முன்னால் நிற்பதால் நகலாவது நடை மட்டும்தான், உள்ளடக்கம் இல்லை என்று சொல்லே காட்டிவிடுகிறது. ‘வார்ப்புரு’ ஏற்கெனவே டெம்ப்ளேட்டுக்கு இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது அச்சு, இது அச்சிலிருந்து வெளியே வந்த பொருள். மோதாது என்றே நினைக்கிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘ஜரின்ஷின் பார்ட்டிட்டா ஒரு பரோக் பாணிவார்ப்பு.’
‘பாணிவார்ப்பில் தேர்ந்தவர்.’
‘பழைய ஏட்டு நடையைப் பாணிவார்த்திருக்கிறார்.’

முதல் இரண்டும் நாக்கில் நிற்கின்றன. மூன்றாவது இடறுகிறது. வினையாக வரும்போது ‘பழைய ஏட்டுப் பாணியில் வார்த்திருக்கிறார்’ என்று பிரித்தே எழுதலாம்.

‘சாயலாக்கம்’ என்று சொன்னவர் இன்னும் பதில் எழுதவில்லை. அவருடைய சொல்லில் ஒரு மென்மை இருக்கிறது, அதை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் சாயல் தானாக அமைவது, பிள்ளைக்கு அப்பா சாயல் வருவதுபோல. ஜரின்ஷ் தெரிந்தே செய்கிறார். இந்த வேறுபாட்டுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்ட பிறகுதான் கட்டுரையில் சொல்லை ஏற்றுவேன். அதுவரை வரைவில் ‘பாஸ்டீஷ்’ என்றே வைத்திருக்கிறேன்.

அன்புடன்