மவுண்ட் ஏரியில் கேட்ட ச-ப-ச-ப

அமெரிக்காவின் சார்லட் நகருக்கு வேலை மாற்றி வந்த புதிதில், ஒரு ஜூன் மாதம் மவுண்ட் ஏரி ஃபிடில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். வட கரோலினாவில், வர்ஜீனியா எல்லையை ஒட்டிய கிரானைட் குவாரி ஊர் அது. மேடையில் போட்டி நடந்துகொண்டிருந்தது. எனக்கு அங்கே உட்காரப் பொறுமையில்லை. வெளியே புல்வெளியில் கூடாரத்துக்குக் கூடாரம் மடக்கு நாற்காலி போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் கச்சேரி!

ஓரிடத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவர், ஃபிடிலைத் தாடைக்கடியில் வைக்காமல் நெஞ்சில் சாய்த்து வாசித்தார். ஒரே மெட்டு, திரும்பத் திரும்பப் பத்து நிமிடம். கால் நகரவில்லை எனக்கு. சுருதிதான் பிடித்து நிறுத்தியது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு முழு சுரம் ஏற்றி ஏ-ஈ-ஏ-ஈ என்று கட்டியிருந்தார். நம்மூர் வயலினின் நான்கு தந்திகளையும் சட்ஜம், பஞ்சமம் என்று மாற்றி மாற்றிக் கூட்டும் ச-ப-ச-ப தானே அது! சின்ன வயதில் எட்டு வருஷம் கற்றுவிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தவன் நான். சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

அவரும் இந்த மலைக்காரர் இல்லை. எழுபதுகளில் நியூயார்க்கிலிருந்து டாமி ஜாரலைத் தேடி வந்தவராம். பக்கத்திலுள்ள டோஸ்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஃபிடில்காரர் டாமி. 1901-இல் பிறந்தவர். அப்பா பென் ஜாரலும் ஃபிடில்காரர்தான். 1927-இலேயே இசைத்தட்டில் வாசித்திருக்கிறார். ஆனால் மகன் டாமிக்குச் சோறு போட்டது ஃபிடில் இல்லை. இளமையில் திருட்டுச் சாராயம் காய்ச்சியிருக்கிறார். அப்புறம் நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 40 வருஷம் சாலை சமன்செய்யும் இயந்திரம் ஓட்டி, 1966-இல் ஓய்வு பெற்றார். அந்தக் காலத்தில் மக்காச்சோளம் உரிக்க அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். வேலை முடிந்ததும் ஒரு அறையைக் காலி செய்து, ஒரு ஃபிடில், ஒரு பாஞ்சோ (மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்), விடிய விடிய ஆட்டம். டாமி பழகிய மேடை அவ்வளவுதான்.

மனைவி காலமாகி, தனியாக இருந்த வீட்டுக்குத்தான் இவரைப் போன்ற நீளமுடி இளைஞர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். சாப்பாடு போட்டு, படுக்க இடம் கொடுத்து, காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தாராம். நோட்டேஷன் கிடையாது, முட்டி மோதிக் காதால் பிடிக்க வேண்டியதுதான். (குருகுலம் என்று நாம் பெருமையடித்துக்கொள்வது இதைத்தானே?) 1982-இல் தேசியப் பாரம்பரிய விருது வந்தது. 1985-இல் மறைந்தார்.

"வாசி பார்ப்போம்" என்று ஃபிடிலை நீட்டினார். செருப்பைக் கழற்றிப் புல்லில் சம்மணமிட்டு, அதன் தலையைக் கணுக்காலில் வைத்ததும் சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஃபிடிலுக்குள் ஏதோ கலகலத்தது. சாரைப்பாம்போ நல்லபாம்போ இல்லை, கிலுகிலுப்பை விரியனின் வால் கிலுகிலுப்பை! பழைய ஃபிடில்காரர்கள் பலர் உள்ளே போட்டு வைப்பதுதானாம்.

மோகன ராகம் வாசித்தேன். இரண்டு வரிக்குள் பாஞ்சோக்காரர் சேர்ந்துகொண்டார். அந்தத் தாத்தாவோ என் இடது கையைப் பார்க்கவே இல்லை. வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "உன் வில் பாடுகிறது, ஆட மாட்டேன் என்கிறது" என்று என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அரை மணி நேரம் முயன்றும் வரவில்லை.

அடுத்த ஜூனில் பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கூடாரத்தில் வேறு யாரோ இருந்தார்கள்.