புதுப்பிப்பு: தாமிரபரணி செயல்பாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகிறது

பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றோடு போகிற ஒரு செயல்பாட்டுப் புத்தகம், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, என்ன தாளில் அடிக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன் இல்லையா, அதன் நிலவரம் இது.

ஆர்ட் பேப்பர் உள்ளே கிடையாது. வழவழப்பில் கலர் பென்சில் பிடிப்பதில்லை, அதனால் மேப்லித்தோ என்கிற பளபளப்பில்லாத தாள், 100 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் காட்டும் அளவு). நடுவில் பின் அடிப்பதால் பக்கம் நாலின் மடங்கில் வரணும், ஆகவே 24. வெட்டி ஒட்டுகிற தாள்களின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். "இடம் வீணாகுதே அண்ணாச்சி" என்று சிவகாசி அச்சகக்காரருக்கு ஒரே வருத்தம், ஆனால் பறவையை வெட்டினால் பின்னால் இருக்கிற புதிரும் சேர்ந்து போய்விடுமே.

ஆற்றை விட்டு விலகினாலும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைச் சேர்த்தாச்சு. மாதிரியைக் கொடுத்துப் பார்த்தபோது பிள்ளைகள் அதிக நேரம் உட்கார்ந்தது அந்தப் பக்கத்தில்தான். பூநாரை, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை மூன்றின் அலகை மட்டும் வரைந்து, எது எப்படி இரை தேடும் என்று கோடு போட்டு இணைக்க வேண்டும். பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டித் தின்னும் என்றதும் ஒரு பயல் புத்தகத்தையே தலைகீழாகத் திருப்பிவிட்டான், அப்புறம் என்ன, அந்தப் படத்தைத் தலைகீழாகவே அச்சடிக்கிறோம்.

விடைகள் கடைசிப் பக்கத்தில் வேண்டுமா என்பது மட்டும் பாக்கி. டீச்சர்கள் வேணும் என்கிறார்கள், எனக்கு மனசில்லை.