மறு: பூட்லெக் பதிவின் சரியான தேதியைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

இழையை இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பூட்லெக், அதாவது நிறுவனம் வெளியிடாமல் கைக்குக் கை மாறும் கச்சேரிப் பதிவு, எந்த நாளில் பதிவானது என்று கண்டுபிடிக்கும் வேலைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதானே கேள்வி.

> 'காலக்கணிப்பு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா, கல்வெட்டுக்கும் பானை ஓட்டுக்கும். அங்கே ஐம்பது வருடம் முன்னே பின்னே போனாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ராக் கச்சேரி பூட்லெக்கில் நமக்கு வேண்டியது ஒரே ஓர் இரவு, அதுவும் பெரும்பாலும் ஒலிநாடாவின் மேல் ஏற்கெனவே ஒரு தேதி எழுதியிருக்கும், அது தப்பாக இருக்கும். இல்லாததைக் கணிப்பது வேறு, இருக்கும் பொய்யைக் களைவது வேறு. தவிர 'கணிப்பு' என்றாலே எனக்குத் தேர்தலும் வானிலையும்தான் ஞாபகம் வருகிறது.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்துவாரே, அந்தப் பதிவு பல வருடம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்றே கைமாறியது. உண்மையில் அது 1966 மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். ஆல்பர்ட் ஹாலில் அவர் பாடியது மே 26, 27 தேதிகளில். 1998இல் இசைத்தட்டு நிறுவனமே அதிகாரபூர்வமாக வெளியிட்டபோதும் பழைய தப்புப் பெயரை விடவில்லை, மேற்கோள் குறிக்குள் போட்டு அட்டையில் அச்சடித்தது! ஒரு தப்பு அவ்வளவு பிரபலமாகிவிட்டால் அதைத் திருத்தினால்தான் வாங்குபவனுக்குக் குழப்பம் போலிருக்கிறது.

ஆகவே ஒரு சொல் போதாது என்பது என் கட்சி. நாடாவின் மேல் ஒட்டியிருக்கும் தேதிக்கு 'ஒட்டுநாள்', கச்சேரி உண்மையில் நடந்த தேதிக்கு 'மேடைநாள்'. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

> பாட்டு வரிசையைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

குழுவைப் பொறுத்தது. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவினர் இரவுக்கு இரவு வரிசையை மாற்றுவார்கள், ஆகவே வரிசையே கைரேகை மாதிரி. அவர்களுடைய பேர்போன கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி நாடாவில் '5/8/77' என்று இருக்கும். நான் அதை ரொம்ப நாள் ஆகஸ்ட் 5 என்றே கோப்பில் வைத்திருந்தேன். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பது உறைக்கவே இல்லை. அது மே 8. இத்தனைக்கும் அந்த ஆகஸ்டில் குழு மேடையே ஏறவில்லை, டிரம்மர் மிக்கி ஹார்ட் ஜூனில் கார் விபத்தில் சிக்கியதால் கோடைக் கச்சேரிகள் ரத்து. அதைத் தெரிந்துகொண்ட அன்றுதான் தப்பு பிடிபட்டது.

ஆனால் பிங்க் ஃப்ளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை எடுங்கள். 1972 பிப்ரவரி 17 முதல் 20 வரை லண்டன் ரெயின்போ தியேட்டரில் நாலு இரவு, 1973 மார்ச்சில் வரவிருந்த ஆல்பம் முழுவதையும் அதே வரிசையில் வாசித்தார்கள். இங்கே வரிசை கைகொடுக்காது. எந்த இடத்தில் கிடார் பிசகியது, பாட்டுக்கு நடுவே பாடகர் என்ன சொன்னார், பக்கத்து இருக்கைக்காரர் எப்போது இருமினார் என்று, நாள் உறுதியாகத் தெரிந்த இன்னொரு பதிவோடு ஒப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி மின்சார இரைச்சல். ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று உறுமுமே, அது அந்த ஊர் மின்சாரத்தின் சுருதி. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60, ஏனென்றால் 1890களில் ஓர் ஊர் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, இன்னொன்று அமெரிக்க ஜெனரேட்டர். டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவினர் 1972 ஆகஸ்ட் 15, 16இல் ஒசாகாவிலும் 17இல் டோக்கியோவிலும் வாசித்தார்கள். ஒட்டுநாளே இல்லாத ஒரு நாடா கையில் கிடைத்து, அதில் உறுமலும் கேட்டால், எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். நாடா வேகம் தப்பியிருந்தால் உறுமலின் சுருதியும் மாறியிருக்குமே என்பீர்கள். சரி, தப்பும்தான். ஆனால் ஆறு சதவீதம் தப்பினாலே பாட்டு முழுசாக அரை ஸ்வரம் ஏறிவிடும், காது கண்டுகொள்ளும். 50க்கும் 60க்கும் இடையே இருப்பதோ ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம், அவ்வளவு வேகம் தப்பினால் பாடகர் குரலே ஆளை மாற்றிக் காட்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இவ்வளவும் செய்பவர் செய்வது துப்பறியும் வேலை. தமிழில் துப்பை நாம் 'துலக்குகிறோம்', பாத்திரத்தையும் துலக்குகிறோம். படிந்திருக்கும் அழுக்கைத் தேய்த்து உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது. ஆகவே என் முன்மொழிவு: 'நாள்துலக்கல்'. 'தேதிதுலக்கல்' என்று சொல்லாததற்குக் காரணம், ஈழத்து நண்பர்கள் 'திகதி' என்பார்கள், 'நாள்' இரண்டு பக்கத்துக்கும் பொது.

> பூட்லெக்குக்குத் 'திருட்டுப் பதிவு' என்றே வைத்துவிடலாமே?

எனக்கு ஒப்பவில்லை. திருட்டு விசிடி என்பது வெளிவந்ததை நகலெடுப்பது, இது வெளிவராததைப் பிடித்து வைப்பது. கிரேட்ஃபுல் டெட் 1984இல் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது, அவர்களைத் திருடர் என்பதா? பூட்ஸின் கணுக்கால் பகுதியில் சாராயப் புட்டியை ஒளித்ததிலிருந்து வந்த சொல் என்பதால், நம் ஊர் வேட்டி மடியை நினைத்து 'மடிப்பதிவு' என்று ஆசையாக எழுதிப் பார்த்தேன். வீட்டில் காட்டியதும் "லேப்டாப்பில் ரெக்கார்ட் பண்ணினதா?" என்று கேட்டார்கள். மடிக்கணினி அந்த மடியைப் பிடித்துக்கொண்டு விட்டது. இப்போதைக்கு 'பூட்லெக்' என்றே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. பட்டியலில் விவரம் கிடைக்காத பதிவுக்கு எதிரே 'நாள் தெரியவில்லை' என்று போடுகிறோம். தேடிப் பார்த்தும் கிடைக்காததற்கு 'நாள் துலங்கவில்லை', இன்னும் யாரும் தேடவே இல்லை என்றால் 'நாள் துலக்கவில்லை' என்று வைத்துக்கொள்ளலாமா? ஓர் எழுத்துதான் வித்தியாசம், தட்டச்சில் தவறிவிடுமோ என்று பயம். அடுத்த மடலில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.